மானுக்கு விதைக்கும் வயலும் பர்லியார்ப் பலாவும்

வேட்டை நிலத்தில் மானுக்குப் பிடித்த பயிரை வேண்டுமென்றே விளைவித்து, மானை அங்கே வரவழைப்பது வட அமெரிக்காவில் ஒரு தனி வேளாண்மையாகவே வளர்ந்திருக்கிறது. அறுவடை செய்து விற்பதற்காக அந்த நிலத்தில் யாரும் விதைப்பதில்லை. காட்டை ஒட்டிய துண்டு நிலத்தை உழுது, உரமிட்டு, விதைத்து, விளைச்சல் முழுவதையும் வெள்ளைவால் மானுக்கு விட்டுவிடுகிறார்கள். வேட்டைப் பருவம் வந்ததும் அந்த வயலின் ஓரத்துப் பரணில் துப்பாக்கியோடோ வில்லோடோ காத்திருக்கிறார்கள். இந்தியாவில் இப்படிச் செய்வது குற்றம். ஆனாலும் அந்தத் தீவன வயல்காரர்கள் கண்டறிந்த பல உண்மைகள் நீலகிரிச் சரிவில் இருக்கும் பர்லியார் போன்ற ஊருக்கு நேராகப் பொருந்துகின்றன. ஒரு காட்டு விலங்கு எந்த இடத்துக்கு, எந்த மாதத்தில், எந்த நேரத்தில் வரும் என்பதை அங்கே விளைந்திருப்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

அமெரிக்கத் தீவன வயலில் போடும் பயிர்கள் பருவத்துக்கு ஏற்ப மாறும். இளவேனிலுக்கும் கோடைக்கும் குளோவர், காப்பியில் கலக்கும் அதே சிக்கரி, தட்டைப்பயறு, சோயா. குளிர்காலத்துக்கு ஓட்ஸ், கோதுமை, ரை, டர்னிப். தென் மாநிலங்களில், குறிப்பாக டெக்சாஸில், மொச்சையையும் விதைக்கிறார்கள். வெயிலையும் வறட்சியையும் தாங்கும் கொடி, புரதம் நிறைந்த இலை என்பதால் அது மான் தீவனமாகப் பெயர் பெற்றது. நம் ஊரில் பொங்கல் குழம்புக்குப் போகும் காய் அங்கே கொம்பு வளர்க்கும் தீவனமாகிறது. ஆண் மான் ஒவ்வோர் ஆண்டும் கொம்பை உதிர்த்துப் புதிதாக முளைக்க வைக்கிறது. அந்தச் சில மாதங்களில் அதற்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் மிகுதியாகத் தேவைப்படும். பெண் மானுக்குக் குட்டி ஈன்று பால் கொடுக்கும் காலத்தில் அதே தேவை. அந்த மாதங்களில் பசுமையாக இருக்கும் வயலை மான் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

எங்கே விதைப்பது என்பது எதை விதைப்பது என்பதைவிட முக்கியம். மான் திறந்த வெளியின் நடுவில் நிற்க அஞ்சும் பிராணி. ஆபத்து என்றால் இரண்டு தாவலில் புதருக்குள் மறைய வேண்டும். அதனால் பெரிய சதுர வயலைவிட, காட்டின் ஓரத்தோடு வளைந்து போகும் நீளமான ஒடுங்கிய வயலே நல்லது. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் போதும். தண்ணீர் அருகில் இருக்க வேண்டும், பகலில் படுத்துக்கிடக்கும் அடர்புதர் அருகில் இருக்க வேண்டும், மனித நடமாட்டம் குறைவாக இருக்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்த இடத்தில் சுமாரான பயிரே போதும். இவை இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல பயிரும் தொடப்படாமல் நிற்கும்.

மண்ணைப் பரிசோதித்து, அமிலம் மிகுந்தால் சுண்ணாம்பு இடுவதிலிருந்து வேலை தொடங்குகிறது. குளோவர் போன்றவை அமில காரக் குறியீடு 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும் மண்ணை விரும்புகின்றன. வயலின் நடுவில் ஒரு சிறு கம்பிக் கூண்டை வைப்பதும் வழக்கம். கூண்டுக்குள் மேய்ச்சல் படாத பயிர் வளரும். வெளியே இருப்பது மான் கடித்த பயிர். இரண்டின் உயரத்தையும் ஒப்பிட்டால், அந்தப் பகுதியில் மான் எவ்வளவு, வயல் தாங்குமா என்பது தெரிந்துவிடும். செலவில்லாத, ஏமாற்றாத அளவுகோல் அது.

விளைவிப்பதும் தூவுவதும் ஒன்றல்ல என்பதை அங்குள்ள சட்டங்கள் பல பிரித்துப் பார்க்கின்றன. மக்காச்சோளத்தைக் குவியலாகக் கொட்டி மானை வரவழைப்பதைப் பல மாநிலங்கள் தடுக்கின்றன. நிலத்தில் வளர்ந்த பயிரை அனுமதிக்கின்றன. இதற்கு வேட்டை நெறி மட்டும் காரணம் அல்ல. ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் நோய் பரவும். 1967-ல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட, மூளையை அரிக்கும் மான் நோய் பிறகு பல மாநிலங்களில் பரவியது. குவியல் தீனிக்கான தடைகள் இறுகியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. வேறொரு ஆபத்தும் இருக்கிறது. மான் அசைபோடும் பிராணி. இலையும் கிளையும் செரிக்கப் பழகிய இரைப்பையில் திடீரென்று தானியம் நிரம்பினால் அமிலம் பெருகி அது செத்தே போகும். இரக்கப்பட்டு அரிசியையும் ரொட்டியையும் மானுக்குப் போடும் சுற்றுலாப் பயணிகள் இதை அறிந்திருப்பதில்லை.

நீலகிரியில் வேட்டை நடந்த காலத்திலும் மானுக்காகப் பயிர் வைக்கும் தேவை எழவில்லை. மலை உச்சியே ஒரு மேய்ச்சல் வெளி. மடிப்புகளில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி என்று மாறி மாறி வரும் அமைப்பு, தீவன வயல்காரர் செயற்கையாக உண்டாக்க முயலும் அதே ஓரத்தை மைல் கணக்கில் இயற்கையாகக் கொண்டிருந்தது. கடமான் பகலில் சோலைக்குள் படுத்திருக்கும். மாலையில் புல்வெளிக்கு வரும். தோடர்கள் தங்கள் எருமைகளுக்காகக் கோடையில் முற்றிய புல்லுக்குத் தீ வைத்தார்கள். சில வாரங்களில் முளைக்கும் இளம்புல்லைத் தேடி எருமையோடு கடமானும் வரையாடும் வந்தன. வெள்ளைக்கார வேட்டையாடிகளின் முறை எளிமையானது: ஆட்களும் நாய்களும் சோலைக்குள் புகுந்து கலைப்பார்கள், துப்பாக்கிக்காரர் வெளியே புல்வெளியில் காத்திருப்பார். சில பத்தாண்டுகளில் விலங்குகள் கண்ணுக்குத் தெரியக் குறைந்ததும் வேட்டைக்காரர்களே கவலைப்பட்டார்கள். 1877-ல் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கம் தோன்றியது. 1879-ல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் பெற வேண்டும், குறிப்பிட்ட மாதங்களில் சுடக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் அப்போதுதான் மலையேறின.

சுடுவதைக் கட்டுப்படுத்திய அந்தச் சங்கத்தால் மேய்ச்சல் நிலம் சுருங்குவதைத் தடுக்க முடியவில்லை. யூகலிப்டஸ், சீகை மரங்கள், தேயிலை, உருளைக்கிழங்கு என்று புல்வெளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. துப்பாக்கி கொன்றதைவிட இது விலங்குகளுக்குச் செய்த கேடு ஆழமானது. சுடப்பட்ட மானின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்பும். புல் போன இடத்தை எதுவும் நிரப்பாது.

1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் உரிமத்தோடு சில விலங்குகளைச் சுட இடம் இருந்தது. கடமானும் புள்ளிமானும் அன்று பெருவேட்டை விலங்குகளின் பட்டியலில் இருந்தன. 1991-ன் திருத்தம் அந்த உரிமங்களையே எடுத்துவிட்டது. வேட்டை என்ற சொல்லுக்கு இந்தச் சட்டம் தரும் விளக்கம் மிக விரிவானது. கொல்வது, நஞ்சு வைப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது ஆகியவற்றோடு இரை வைத்து இழுப்பதும் அதில் அடங்கும். சுடும் எண்ணத்தோடு மானை வரவழைக்க ஒருவர் இரை வைத்தால், தோட்டா பாயும் முன்னரே அவர் குற்றம் செய்தவராகிறார்.

இந்தச் சட்ட நிலையில், பர்லியாரில் இருப்பது யாரும் விலங்குக்காக விதைக்காத தீவன வயல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில், ஏறத்தாழ 2,500 அடி உயரத்தில், சமவெளி வெப்பமும் மலைக்குளிரும் சந்திக்கும் இடத்தில் ஊர் இருக்கிறது. 1871 முதல் இங்கே அரசின் பழத்தோட்டம் உண்டு. சாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான் என்று தென்கிழக்கு ஆசியாவின் வெப்பமண்டல மரங்கள் இந்தச் சரிவில் வேரூன்றி நிற்கின்றன. அடிவாரத்தில் கல்லாறு தோட்டம் 1900-ல் தொடங்கப்பட்டது. தோட்டத்துக்கு வெளியேயும் தனியார் நிலங்களிலும் பழங்குடிக் குடியிருப்புகளைச் சுற்றியும் சாலையோரத்திலும் பலா நிற்கிறது. காப்பிக்கும் மிளகுக்கும் நிழல், மிளகுக்கொடிக்குக் கொழுகொம்பு, வீட்டுக்குப் பழம், சாலையோரக் கடைக்கு வியாபாரம் என்று ஒரே மரம் நான்கு வேலை செய்வதால் அது பெருகியதில் வியப்பில்லை.

சித்திரையில் காய் முற்றத் தொடங்கி ஆடி வரை பலாப் பருவம் நீள்கிறது. இதே மாதங்களின் தொடக்கத்தில்தான் மேட்டுப்பாளையம் அடிவாரக் காடு காய்ந்து கிடக்கும். புல் சருகாகிவிடும், ஓடைகள் வற்றும். ஒரு வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் தீவனம் வேண்டும். 100 லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டும். கீழே இரண்டும் குறைந்திருக்கும்போது மேலே ஈரமான சரிவும், ஓடும் ஆறும், கிலோக்கணக்கில் எடையுள்ள இனிப்புப் பழங்கள் தொங்கும் மரங்களும் இருக்கின்றன. பலா பழுத்த வாசம் மனிதர் மூக்குக்கே எட்டும்; யானைக்கு அது எவ்வளவு தொலைவில் எட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்லாறிலிருந்து பர்லியார், மரப்பாலம், ரன்னிமேடு வரை குன்னூர் சாலையிலும், குஞ்சப்பனை, மாமரம், முள்ளூர் வழியாகக் கோத்தகிரி சாலையிலும் ஆண்டுதோறும் யானைக் கூட்டங்கள் குட்டிகளோடு வந்து தங்குவது இந்தப் பருவத்தில்தான். மரத்தை முட்டி உலுக்கும், முன்கால்களைத் தண்டில் ஊன்றித் துதிக்கையை நீட்டும், பழத்தைக் காலால் மிதித்துப் பிளந்து தின்னும். சாணத்தோடு விழும் கொட்டைகள் முளைத்து, யானை நடந்த தடத்திலேயே அடுத்த பலாவை நட்டுவிடுகின்றன.

யானை பேருருவம் என்பதால் பேச்செல்லாம் அதைப் பற்றியே இருக்கிறது. ஆனால் அதே மரத்தடிக்குச் சத்தமில்லாமல் வருபவையும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழமரங்களில் ஒரு படிவரிசை தெரியும். மேலே மலையணிலும் குரங்கும் மரநாயும் தின்று பாதியைக் கீழே சிந்தும். கீழே கேளையாடும் சருகுமானும் காட்டுப்பன்றியும் அதைப் பொறுக்கும். புள்ளிமான்கள் மந்திகள் மேயும் மரத்தடியில் கூடி நிற்பதை முதுமலையில் பலர் பார்த்திருப்பார்கள். மந்தி உதிர்க்கும் இலையும் காயும் மானுக்கு உணவு, உயரத்திலிருந்து புலியைக் கண்டு மந்தி எழுப்பும் குரல் மானுக்குக் காவல். மான்கள் பழத்துக்குக் கைம்மாறும் செய்கின்றன. நெல்லிக்கனியை விழுங்கும் மான், ஓய்வாகப் படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடுகிறது. முதுமலைப் பகுதியில் நடந்த ஆய்வுகள், காட்டு நெல்லி பரவுவதற்கு இந்த அசைபோடும் விலங்குகள் உதவுவதைக் காட்டியிருக்கின்றன. விற்பனைக்காக ஒரு காட்டிலிருந்து நெல்லிக்காய் முழுவதையும் உலுக்கி எடுத்துவிட்டால் மானுக்கும் இழப்பு, நாளைய நெல்லிக்கும் இழப்பு.

தீவன வயலுக்கு வேண்டிய இலக்கணம் எல்லாம் பர்லியாரில் தானாகவே அமைந்திருக்கிறது. தோட்டம் காட்டுக்குள் நீண்ட விரலாகப் புகுந்திருக்கிறது. எந்த மரத்திலிருந்தும் சில அடிகளில் மறைவு. பள்ளத்தில் தண்ணீர். இரவில் மனித நடமாட்டம் குறைவு. இத்தனை இருக்கும்போது விலங்கு வருவதை அத்துமீறல் என்று சொல்வது நியாயமில்லை. விலங்கு தன் இயல்புப்படி நடக்கிறது. அந்த இயல்பை அறியாமல் மரம் வைத்ததுதான் மனிதர் பங்கு.

இதன் விலையை முதலில் கொடுப்பவர்கள் அங்கே வசிக்கும் எளிய மக்கள். விடியற்காலையில் தோட்டத்துக்கு நடக்கும் தொழிலாளி, பள்ளிக்குப் போகும் பழங்குடிப் பிள்ளைகள், இரவில் கொண்டை ஊசி வளைவில் திடீரென்று யானையை எதிர்கொள்ளும் லாரி ஓட்டுநர். யானைகளும் விலை கொடுக்கின்றன. அவற்றின் தடத்தைச் சாலையும் 1899-ல் குன்னூரை எட்டிய மலை ரயில் பாதையும் குறுக்கே வெட்டுகின்றன. 2022-ன் தொடக்கத்தில் ஹில்குரோவ் நிலையத்தருகே ரயில் பாதையோரம் எழுந்த சுவர்களால் கடக்க முடியாமல் ஒரு யானைக் கூட்டம் குட்டியோடு தவித்த காட்சி பரவியது. அதன் பிறகு அந்தச் சுவர்கள் இடிக்கப்பட்டன. அடிவாரத்தில் இதைவிடக் கொடிய ஒன்று இருக்கிறது: அவுட்டுக்காய். காட்டுப்பன்றியைக் கொல்வதற்காகத் தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அந்த நாட்டு வெடியைக் கடித்து, வாய் சிதைந்து, நாட்கணக்கில் உண்ண முடியாமல் கோவை வனப்பகுதியில் யானைகள் இறந்திருக்கின்றன. இரை வைப்பதைச் சட்டம் ஏன் வேட்டையிலேயே சேர்த்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பயிரும் விலங்கும் சந்திக்கும் இடம் தமிழருக்குப் புதிதல்ல. குறிஞ்சி நிலத்துப் பாடல்களில் தினைப்புனம் காப்பது ஒரு நிலையான நிகழ்ச்சி. கிளியை ஓட்டப் பகலில் பெண்கள், யானையையும் பன்றியையும் விரட்ட இரவில் பரண்மேல் ஆண்கள், கையில் கவணும் பறையும். காட்டைத் திருத்தி விளைத்த புனம் விலங்கை இழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். காவல் இல்லாத புனத்தை அவர்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. பனாமாவின் தொல்குடிகளை ஆராய்ந்த ஓல்கா லினாரஸ் என்ற மானிடவியலாளர், தோட்டத்துக்கு வரும் விலங்கைத் தோட்டத்திலேயே வேட்டையாடிய வழக்கத்தை 1976-ல் விளக்கினார். விளைநிலம் இரண்டு அறுவடை தந்தது: ஒன்று கிழங்கு, மற்றொன்று இறைச்சி. இங்கே இரண்டாவது அறுவடையைச் சட்டம் நிறுத்திவிட்டது. காவல் காக்கும் வழக்கமும் பெரும்பாலும் மறைந்தது. விலங்கை இழுக்கும் விளைச்சல் மட்டும் மிச்சம்.

வேட்டைக்காக அல்லாமல், மான் பிழைப்பதற்காகவே மேய்ச்சல் வெளி உண்டாக்கும் வேலை இந்தியாவில் உண்டு, நல்ல பலனும் தந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் கானாவில் பாராசிங்கா என்ற சதுப்பு மான் 1970-ல் 66 என்ற அளவுக்குச் சுருங்கியது. காட்டுக்குள் இருந்த கிராமங்கள் இடம்பெயர்ந்த பிறகு அவற்றின் வயல்கள் புல்வெளிகளாக மாறின. வேலியிட்ட பகுதியில் மானைப் பெருக்கினார்கள். புல்வெளிகளில் புதர் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த இனம் பல நூறாக மீண்டது. இடம்பெயர்ந்த மக்களின் இழப்பையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும் என்பது வேறு விஷயம்.

முதுமலையில் சிக்கல் வேறு விதமானது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்த உண்ணிச்செடி காட்டின் தரையை மூடிவிட்டது. மானும் யானையும் அதை விரும்பித் தின்பதில்லை. அதன் அடியில் புல்லும் முளைப்பதில்லை. பிறகு மஞ்சள் பூக்கும் அயல் கொன்றையும் சேர்ந்தது. 2022-ல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டு வேலையை விரைவுபடுத்தியது. அகற்றிய கொன்றை காகித ஆலைக்குப் போகிறது. வேரோடு பிடுங்கிய இடத்தில் உள்ளூர்ப் புல்லும் மரமும் பிடிக்கும் வரை சில ஆண்டுகள் திரும்பத் திரும்பக் களையெடுக்க வேண்டும். ஒருமுறை வெட்டி விட்டுப் போனால் உண்ணி முன்னைவிட அடர்ந்து வரும். சாலையோரப் புதரை அகற்றுவதிலும் கவனம் வேண்டும். வெட்டிய இடத்தில் முளைக்கும் இளம்புல் புள்ளிமானைச் சாலைக்கே இழுக்கும். தெப்பக்காட்டுச் சாலையோரத்தில் மான் கூட்டம் நிற்பது பயணிகளுக்கு இன்பம்தான். வேகமாக வரும் வாகனத்துக்கு முன் அதுவே விபத்து.

பர்லியாருக்குச் செய்யக்கூடியது இந்த அறிவைத் தலைகீழாகப் பயன்படுத்துவது: வீட்டுக்கும் சாலைக்கும் அருகில் இழுப்பைக் குறைப்பது, காட்டின் உட்பகுதியில் கூட்டுவது. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் நடப்பில் இருப்பதால் பலாவை நினைத்தபடி வெட்ட முடியாது. வெட்ட வேண்டியதும் இல்லை. குடியிருப்பை ஒட்டிய மரங்களில் காயைப் பிஞ்சிலேயே இறக்கிவிட்டால் வாசமே எழாது. பலாப்பிஞ்சு கறிக்கு விலைபோகும் பண்டம் என்பதால் அது முழு இழப்பும் ஆகாது. உயர மரத்தில் ஏறி இறக்கும் கூலிதான் சிறு விவசாயிக்குச் சுமை, அந்தச் செலவில் அரசு பங்கெடுப்பது நியாயம். புதிதாக நடும்போது வீட்டருகில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் போன்றவை நல்லவை. யானை அவற்றைத் தேடி வருவதில்லை. பலா, வாழை, மூங்கில் ஆகியவை வீட்டு வாசலில் நிற்கக் கூடாதவை. காட்டின் உள்ளே அத்தி, ஆல், மூங்கில், நெல்லி பெருகினால், கோடையில் தண்ணீர்த் தொட்டிகள் நிறைந்திருந்தால், கூட்டம் மேலேறும் நாட்கள் குறையும்.

கடைசியாகக் கவனிக்க வேண்டியது சாலையோரப் பழக்கடைகள். பகலில் சுளை எடுத்து விற்ற பின் மிஞ்சும் சக்கையும் அழுகிய பழமும் கடைக்குப் பின்னால் பள்ளத்தில் கொட்டப்படுகின்றன. அமெரிக்கச் சட்டங்கள் தடுக்கும் குவியல் தீனிக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. குரங்கு பகலிலும், பன்றியும் கடமானும் இரவிலும், யானை அதிகாலையிலும் ஒரே குவியலுக்கு வரும். பழத்தோடு பாலித்தீன் பையும் வயிற்றுக்குள் போகும். அந்தச் சக்கையை இருட்டுவதற்கு முன் மூடிய வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே உரக்குழியில் போட்டு மண் மூடினால் போதும்.